ஊரில் பூட்டிய வீடு, கைப்பேசியில் ஒரு கேள்வி

தோ பாயோவில் நான் குடியிருக்கும் புளோக்கின் அஞ்சல் பெட்டியில் வாரம் ஒரு துண்டுச்சீட்டாவது கிடக்கும். "உங்கள் புளோக்கில் வீடு தேடும் குடும்பம் ஒன்று என்னிடம் இருக்கிறது. விற்கும் எண்ணம் உண்டா?" என்று கேட்டிருப்பார் ஒரு சொத்து முகவர். சிரித்த முகம், கைப்பேசி எண், அதன் கீழே பதிவு எண். பெரும்பாலும் மின்தூக்கி வந்து சேர்வதற்குள் அது குப்பைத் தொட்டிக்குப் போய்விடும்.

அதே கேள்வி கடந்த ஆண்டு வேறு வழியாக எங்கள் குடும்பத்துக்கு வந்தது. லோரோங் 8-இல், வைரவிமட காளியம்மன் கோயிலுக்கு நடந்து போகும் தூரத்தில் வசிக்கும் என் பெரியப்பாவுக்கு வாட்ஸ்அப்பில் ஓர் அழைப்பு. "ஐயா வணக்கம்ங்க, பட்டுக்கோட்டையிலேர்ந்து பேசுறேன். உங்க வீடு பூட்டியே கெடக்குது. பார்ட்டி ரெடியா இருக்கு. குடுக்குறீங்களா?"

அந்த வீடு தாத்தா கட்டியது. சிங்கப்பூர்த் துறைமுகத்தில் வேலை பார்த்து, மாதாமாதம் மணியார்டர் அனுப்பி, 1968-இல் பட்டுக்கோட்டைக்கு அருகே ஒரு கிராமத்தில் கட்டிய ஓட்டு வீடு. திண்ணை, நடுவில் முற்றம், கொல்லையில் கிணறும் சில தென்னை மரங்களும். பாட்டி இருந்தவரை அடுப்பு எரிந்தது. அவருக்குப் பிறகு திருவிழாவுக்கு மட்டும் திறந்தோம். 2018 நவம்பர் 16-ஆம் தேதி கரையைக் கடந்த கஜா புயல் டெல்டாவின் தென்னந்தோப்புகளைச் சாய்த்தபோது எங்கள் வீட்டின் பின்பக்க ஓடுகளும் போயின. கொரோனா காலத்தில் யாரும் ஊருக்குப் போகவில்லை. அதன்பின் பூட்டு துருப்பிடித்துவிட்டது.

வானொலியில் பேசுவது என் தொழில். ஊரில் பூட்டிக் கிடக்கும் வீடுகளைப் பற்றி ஒரு காலை நிகழ்ச்சியில் பேச்செடுத்தேன். நேயர்களின் அழைப்புகள் ஓயவில்லை. மன்னார்குடி, புதுக்கோட்டை, கடையநல்லூர், காரைக்குடி என்று ஊர்தான் மாறியதே தவிர, கதை ஒன்றுதான். வீடு பூட்டியிருக்கிறது, யாரோ போன் செய்கிறார்கள், என்ன பதில் சொல்வது என்று தெரியவில்லை. அந்தக் குழப்பத்தைக் கொஞ்சம் தெளிவாக்கலாம் என்றுதான் இந்தக் கட்டுரை.

எப்படிக் கண்டுபிடிக்கிறார்கள்?

"நம்பர் எப்படிக் கிடைச்சுது?" என்றுதான் பெரியப்பா முதலில் கேட்டார். பதில் எளிமையானது. பூட்டிய வீட்டைக் கண்டுபிடிக்கக் கண் இருந்தால் போதும். வாசலில் முளைத்த எருக்கு, கிழிந்து தொங்கும் தேர்தல் சுவரொட்டி, துண்டிக்கப்பட்ட மின்சார இணைப்பு எல்லாம் சொல்லிவிடும். உரிமையாளர் யார் என்பதை எதிர்வீட்டிலோ டீக்கடையிலோ கேட்டுக்கொள்ளலாம். ஊர்க் கோயில் கும்பாபிஷேக நன்கொடைப் பட்டியலில் "சிங்கப்பூர்" என்ற அடைமொழியோடு நம் பெயர் கல்வெட்டாகவே இருக்கும். அங்கிருந்து ஒரு சொந்தக்காரர், அவரிடமிருந்து ஒரு கைப்பேசி எண்.

ஆவணங்களையும் யாரும் பார்க்கலாம். தமிழகப் பதிவுத்துறையின் இணையத்தளத்தில் வில்லங்கச் சான்றும், வருவாய்த்துறையின் மின்சேவைத் தளத்தில் பட்டா விவரமும் பார்க்க வசதி உண்டு. ஊர்ப் பெயரும் சர்வே எண்ணும் தெரிந்தவருக்கு, நம் வீட்டைப் பற்றி நம் பிள்ளைகளுக்குத் தெரிவதைவிட அதிகம் தெரிந்திருக்கும்.

இதில் குற்றம் எதுவும் இல்லை. உரிமையாளரைத் தேடிப் பிடிப்பது தரகர் தொழிலின் பாதி. இங்கும் அதுதான் நடக்கிறது, ஆனால் வேலிகளுக்குள். சிங்கப்பூரில் சொத்து முகவர் ஒவ்வொருவரும் சிஇஏ எனப்படும் சொத்து முகவைகள் மன்றத்தில் பதிந்திருக்க வேண்டும். அந்தப் பதிவேட்டை யாரும் பார்க்கலாம். வீடு விற்பனைக்கான பணத்தை முகவர் தன் கையால் வாங்கிக் கொடுக்கக்கூடாது. 2014 முதல் 'அழைக்க வேண்டாம்' பதிவேடும் நடப்பில் இருக்கிறது. ஊரிலிருந்து பேசுபவரிடம் இப்படி ஒரு பதிவு எண்ணைக் கேட்க முடியாது. ஆகவே இங்கே சட்டம் நமக்காகச் செய்வதை அங்கே நாமேதான் செய்துகொள்ள வேண்டும்.

அவருக்கு லாபம் எங்கிருந்து வருகிறது?

பெரியப்பாவிடம் சொன்ன விலை 14 லட்சம் ரூபாய். "உடனே 50,000 அட்வான்ஸ், ஒரு அக்ரிமெண்ட் மட்டும் போட்டுக்குவோம்" என்றார் அழைத்தவர். வாட்ஸ்அப்பிலேயே வரைவும் வந்துவிட்டது.

அந்த வரைவை நிதானமாகப் படித்தபோது ஒரு வரி கண்ணில் பட்டது. "தங்களுக்கோ அல்லது தாங்கள் குறிப்பிடும் நபருக்கோ கிரயம் செய்து கொடுக்கச் சம்மதிக்கிறோம்." ஊர்ப்பக்கக் கிரய ஒப்பந்தங்களில் சாதாரணமாக இடம்பெறும் வரிதான் இது. ஆனால் தொழிலின் சூட்சுமமே இதில்தான் இருக்கிறது. "பார்ட்டி" என்று ஒருவர் இன்னும் கிடைத்திருக்க வேண்டும் என்பதில்லை. 14 லட்சத்துக்கு நம்மிடம் கையெழுத்து வாங்கிவிட்டால், 20 லட்சம் கொடுப்பவரைத் தேட அவருக்கு ஆறு மாதம் கிடைக்கும். கிடைத்தால் நடுவில் இருக்கும் 6 லட்சம் அவருடையது. கிடைக்காவிட்டால் அவர் போட்ட முதல் 50,000 மட்டும். ஒப்பந்தம் பதிவாகியிருந்தால் அது வில்லங்கச் சான்றில் ஏறும். அதை முறையாக ரத்து செய்யும்வரை வேறு யாரும் நம் வீட்டைத் தொடத் தயங்குவார்கள்.

அமெரிக்காவில் இது பெயர் வைத்து நடக்கும் தொழில். தெருத் தெருவாகக் காரில் போய், புல் மண்டிய வீடுகளைக் குறித்துக்கொண்டு, உரிமையாளருக்குக் கடிதம் எழுதி, ஒப்பந்தம் போட்டு, அந்த ஒப்பந்தத்தையே இன்னொருவருக்கு விற்றுவிடுவார்கள். 'ஹோல்சேலிங்' என்பார்கள். முதியவர்களும் பணமுடையில் இருப்பவர்களும் அடிமாட்டு விலைக்கு வீட்டைக் கொடுத்துவிட்டதாகப் புகார்கள் எழுந்தன. ஓக்லஹோமா மாநிலம் 2021-இல் இதற்கென்றே கட்டுப்பாட்டுச் சட்டம் கொண்டுவந்தது.

இடைத்தரகர் ஏன் இவ்வளவு குறைவாகக் கேட்கிறார், நாம் ஏன் அதற்கும் தலையாட்டுகிறோம்? வீடு பழசு என்பது ஒரு காரணம். வாரிசுகள் சிதறிக் கிடக்கிறார்கள், காகிதங்கள் முழுமையாக இல்லை, அண்ணன் தம்பிக்குள் பேச்சு குறைந்துவிட்டது என்பது பெரிய காரணம். அந்தக் குழப்பத்தைத் தன் தலையில் போட்டுக்கொள்வதற்கான கூலிதான் அவருடைய லாபம். நாமே அதைச் சரிசெய்துவிட்டால் அந்தக் கூலி நம் கையில் நிற்கும்.

எத்தனை கையெழுத்து?

அழைப்பு ஒருவருக்குத்தான் வருகிறது, ஆனால் வீடு பலருக்குச் சொந்தம். குடும்பங்கள் முட்டிக்கொள்வது இந்த இடத்தில்தான். "பெரியவர் நீங்க சொன்னா போதும்" என்றார் அந்தத் தரகர். மரியாதைக்குச் சொல்லலாம், சட்டத்துக்கு அது போதாது.

எங்கள் கணக்கைப் பாருங்கள். தாத்தா உயில் எழுதாமல் 1991-இல் காலமானார். அது அவர் சுயமாகச் சம்பாதித்துக் கட்டிய வீடு. 1956-ஆம் ஆண்டின் இந்து வாரிசுரிமைச் சட்டப்படி பாட்டிக்கும் ஐந்து பிள்ளைகளுக்கும் சமபங்கு. ஆக, ஆறு பங்குகள். பாட்டி 2003-இல் போனபிறகு அவர் பங்கும் பிள்ளைகளுக்கே வந்து, ஆளுக்கு ஐந்தில் ஒன்று ஆனது. பெரியப்பா, என் அப்பா, சின்ன அத்தை மூவரும் இருக்கிறார்கள். இன்னொரு பெரியப்பா இல்லை. அவருடைய மனைவியும் மூன்று பிள்ளைகளும் அவரிடத்தில் வருகிறார்கள். பெரிய அத்தையும் மாமாவும் இல்லை, அவர்களுக்கு நான்கு பிள்ளைகள். மொத்தம் 11 பேர். சிங்கப்பூர், ஜோகூர், சென்னை, மன்னார்குடி, மெல்பர்ன் என்று ஐந்து ஊர்களில் இருக்கிறார்கள்.

அத்தைகளுக்குக் கல்யாணத்தின்போதே செய்ய வேண்டியதைச் செய்தாயிற்று, அவர்களுக்கு எதற்குப் பங்கு என்று கேட்பவர்கள் இன்னும் எல்லாக் குடும்பத்திலும் உண்டு. தந்தையின் சுயசம்பாத்தியத்தில் மகளுக்குச் சமபங்கு 1956 முதலே இருக்கிறது. பூர்வீகச் சொத்திலும் மகள்களுக்குப் பங்கு தர தமிழ்நாடு 1989-இலேயே சட்டம் இயற்றியது. 2005-இல் நாடு முழுவதும் அந்த உரிமை வந்தது. 2005-இல் தந்தை உயிரோடு இருந்திருக்க வேண்டும் என்ற நிபந்தனை இல்லை என்று இந்திய உச்ச நீதிமன்றம் 2020-இல் வினீதா சர்மா வழக்கில் தெளிவுபடுத்தியது. முஸ்லிம், கிறிஸ்துவக் குடும்பங்களுக்கு வாரிசுரிமை விதிகள் வேறு. எந்தச் சட்டம் என்றாலும் ஒரு பங்காளியை விட்டுவிட்டு எழுதிய கிரயம், நாளைக்கு நீதிமன்றத்தில் வந்து நிற்கும்.

பெரியப்பாவுக்கு இப்போது வயது 81. இதைத் தள்ளிப்போடும் ஒவ்வோர் ஆண்டும் கணக்கு கூடிக்கொண்டே போகும். அவர் காலத்துக்குப் பிறகு அவரிடத்தில் பெரியம்மாவும் மூன்று பிள்ளைகளும் வந்தால், 11 என்பது 14 ஆகும். அடுத்த தலைமுறையில் யார் யார் என்று பட்டியல் போடவே ஆள் இருக்காது.

முதலில் காகிதங்கள்

விலை பேசுவதற்கு முன் நாங்கள் திரட்டியவற்றைச் சொல்கிறேன். உங்கள் வீட்டுக்கும் ஏறக்குறைய இதே பட்டியல்தான்.

மூலப்பத்திரம்: தாத்தா மனை வாங்கிய பத்திரம் பாட்டியின் தகரப் பெட்டியில் இருந்தது. தொலைந்திருந்தால் சார்பதிவாளர் அலுவலகத்தில் நகல் கேட்டு விண்ணப்பிக்கலாம்.

வில்லங்கச் சான்று: பதிவான விற்பனை, அடமானம், ஒப்பந்தம் ஆகியவை இதில் தெரியும். பதிவாகாதது எதுவும் தெரியாது. வாரிசுரிமையாக வந்த பங்கும் இதில் காட்டாது. "ஈசி கிளியரா இருக்கு" என்பதோடு வேலை முடிந்துவிடுவதில்லை.

பட்டா: கிராமத்து வீடுகள் பல நத்தம் நிலத்தில் இருக்கும். பட்டா இன்னமும் தாத்தா பெயரிலேயே இருக்கலாம், அல்லது வீட்டைப் பார்த்துக்கொண்டவர் பெயருக்கு மாறியிருக்கலாம். எங்கள் வீட்டுக்குத் தாத்தா பெயரில்தான் இருந்தது. கொல்லைப்பக்கம் சர்வே எண்ணே வேறு என்பது அப்போதுதான் தெரியவந்தது.

வாரிசுச் சான்றிதழ்: வட்டாட்சியர் தருவது. இறந்த ஒவ்வொருவருக்கும் இறப்புச் சான்றிதழ் வேண்டும். சிங்கப்பூரில் இறந்தவர்களுக்கு இங்குள்ள சான்றிதழ். 2022 மே 29 முதல் அது மின்னிலக்க வடிவில் வருகிறது. பெயரை எழுதும் முறை இங்கும் அங்கும் வேறாக இருந்தால் அதைச் சரிசெய்வதே தனி வேலை. எங்கள் தாத்தாவுக்கு மூன்று ஆவணங்களில் மூன்று விதமான எழுத்து.

வீட்டு வரி ரசீது: ஊராட்சிக்குக் கட்டும் சிறு தொகைதான். ஆனால் யார் பெயரில், யார் கட்டினார்கள் என்பதற்கு அது சாட்சி. உரிமையாளரின் அனுமதியின்றி, அவருக்கு எதிராக, வெளிப்படையாக ஒருவர் 12 ஆண்டு தொடர்ந்து அனுபவித்தால் அவர் உரிமை கோர இந்தியச் சட்டம் இடம் தருகிறது. அனுமதியோடு குடியிருப்பவருக்கு இது பொருந்தாது. ஆனால் அனுமதி கொடுத்தோம் என்பதை நாம் காட்ட வேண்டியிருக்கும். வீட்டை யாரிடமாவது பார்த்துக்கொள்ளச் சொன்னால் இரண்டு வரி எழுதி வாங்கிக்கொள்ளுங்கள். சொந்தக்காரரிடம் எழுதி வாங்குவது சங்கடம்தான். பத்து வருடம் கழித்து வழக்காடுவது அதைவிடச் சங்கடம்.

இவற்றோடு விற்பவர் ஒவ்வொருவருக்கும் பான் எண் தேவைப்படும். சிங்கப்பூர்க் குடிமக்களுக்கு ஓசிஐ அட்டை இருந்தால் நடைமுறை எளிது. ஓசிஐ இல்லாத இரண்டாம், மூன்றாம் தலைமுறையினர் இந்திய அந்நியச் செலாவணி விதிகளின்கீழ் தங்கள் நிலை என்ன என்பதைத்தான் வழக்கறிஞரிடம் முதல் கேள்வியாகக் கேட்க வேண்டும். வீட்டோடு வயலும் சேர்ந்திருந்தால் இன்னும் கவனம் வேண்டும். வெளிநாட்டில் வசிக்கும் நாம் விவசாய நிலத்தை வாரிசாகப் பெறலாம், ஆனால் விலைக்கு வாங்க முடியாது. விற்பதென்றால் இந்தியாவில் வசிக்கும் இந்தியருக்குத்தான் விற்கலாம்.

பவர் யாருக்கு?

"நீங்க வர வேணாம்யா, ஒரு பவர் மட்டும் போட்டு அனுப்புங்க, மத்ததை நான் பார்த்துக்குறேன்." கேட்க ஆறுதலான வார்த்தை. வேலையையும் பிள்ளைகளையும் விட்டுவிட்டுச் சார்பதிவாளர் அலுவலகத்தில் போய் உட்கார முடியாத நமக்கு அதிகாரப் பத்திரம் தேவைதான். யாருக்குக் கொடுக்கிறோம், எதற்குக் கொடுக்கிறோம் என்பதுதான் கேள்வி.

வாங்குபவருக்கோ அவர் சார்பாகப் பேசும் தரகருக்கோ கொடுப்பது, பூட்டையும் சாவியையும் சேர்த்துக் கொடுப்பது போன்றது. பங்காளிகளில் ஒருவருக்கோ நம்பிக்கையான நெருங்கிய உறவினருக்கோ கொடுங்கள். "பொது" அதிகாரம் என்று எழுதாமல், இந்த வீடு, இந்த வேலை என்று குறிப்பிட்டு எழுதுங்கள். விற்பனைப் பணம் விற்பவர்களின் வங்கிக் கணக்குக்கு மட்டுமே போக வேண்டும் என்ற வரியைச் சேருங்கள்.

சிங்கப்பூரில் எழுதும் அதிகாரப் பத்திரத்தை இந்தியத் தூதரகத்தில் சான்றொப்பம் பெற்று அனுப்புவது ஒரு வழி. நோட்டரி முன் கையெழுத்திட்டு, சிங்கப்பூர் அகாடமி ஆஃப் லா வழங்கும் அப்போஸ்டில் பெறுவது இன்னொரு வழி. இந்த அப்போஸ்டில் முறை சிங்கப்பூரில் 2021 செப்டம்பர் 16 முதல் நடப்பில் உள்ளது. ஊரில் எது செல்லும் என்று சம்பந்தப்பட்ட பதிவு அலுவலகத்தில் கேட்டுக்கொண்டு செய்தால் அலைச்சல் மிச்சம். பத்திரம் இந்தியா போய்ச் சேர்ந்த மூன்று மாதத்துக்குள் அங்கே முத்திரைத் தீர்வை கட்ட வேண்டும் என்பதைப் பலர் மறந்துவிடுகிறார்கள்.

பவர் எழுதிக் கொடுத்தாலே வீடு கைமாறிவிட்டது என்று ஊரில் பேசுவார்கள். அப்படியில்லை. வெறும் பவர் பத்திரத்தால் உரிமை மாறாது, பதிவு செய்த கிரயப் பத்திரம் வேண்டும் என்று உச்ச நீதிமன்றம் 2011-இல் சூரஜ் லேம்ப் வழக்கில் தீர்ப்பளித்திருக்கிறது. சாதாரணமாக, எழுதிக் கொடுத்தவர் இறந்துவிட்டால் பவரும் செல்லாது.

பணம் வரும் பாதை

தரகர் சொன்ன 14 லட்சத்தில் ஒரு கிளைக்கதை இருந்தது. பத்திரத்தில் அரசின் வழிகாட்டி மதிப்புக்குச் சமமாக 6 லட்சம் காட்டுவோம், மீதி 8 லட்சம் ரொக்கம். ஊரில் இது சகஜம் என்றார். சகஜமாக இருக்கலாம், நமக்கு ஆகாது. சொத்து விற்பனைக்கான முன்பணமாக 20,000 ரூபாயோ அதற்கு மேலோ ரொக்கமாக வாங்குவதை இந்திய வருமான வரிச் சட்டம் தடை செய்கிறது. மீறினால் அதே அளவு தொகை அபராதமாகும். அதோடு, கணக்கில் வராத பணத்தை முறையாகச் சிங்கப்பூருக்குக் கொண்டுவர வழியே கிடையாது. மெல்பர்ன் அக்காவின் பங்கை யாருடைய பெட்டியில் வைத்து அனுப்புவது?

முறையான பாதை கடினமானதல்ல. விற்பனைப் பணம் இந்திய வங்கியில் உள்ள என்ஆர்ஓ கணக்கில் விழ வேண்டும். வரி கட்டியதற்கான பட்டயக் கணக்காளர் சான்றோடு, ஒருவர் ஒரு நிதியாண்டில் 1 மில்லியன் அமெரிக்க டாலர் வரை வெளியே அனுப்பலாம். கிராமத்து வீட்டில் ஐந்தில் ஒரு பங்குக்கு இந்த வரம்பு தாராளம்.

வரி விஷயத்தில் ஒன்றை மனத்தில் வையுங்கள். உள்ளூரில் வசிப்பவர் 50 லட்சத்துக்குக் குறைவாக விற்றால் வாங்குபவர் வரிப் பிடித்தம் செய்யத் தேவையில்லை. விற்பவர் வெளிநாட்டில் வசித்தால் அந்த வரம்பு கிடையாது. சிறிய தொகைக்கும் பிடித்தம் உண்டு. 2024 ஜூலை 23 முதல் நீண்டகால மூலதன லாபத்துக்கான வரி விகிதம் 12.5 விழுக்காடு. அதன்மேல் செஸ் சேரும். 2001-க்கு முன் வந்த சொத்துக்கு 2001 ஏப்ரல் 1-ஆம் தேதிய மதிப்பை அடக்கவிலையாக எடுத்துக்கொள்ளலாம். லாபத்துக்கு மட்டும் வரி என்றாலும், முன்கூட்டியே வருமான வரித்துறையிடம் சான்று வாங்காவிட்டால் முழுத் தொகையிலும் பிடித்துக்கொண்டு, பிறகு திரும்பப் பெற அலைய நேரிடும்.

வீவக வீட்டுக்கு விண்ணப்பிக்கும் பிள்ளைகளுக்கு

நிகழ்ச்சியில் பேசியபோது இளையர்கள் அதிகம் வியந்தது இதைக் கேட்டுத்தான். வீவக-வின் பிடிஓ வீட்டுக்கு விண்ணப்பிப்பவர்கள் சிங்கப்பூரிலோ வெளிநாட்டிலோ தனியார் வீட்டுக்கு உரிமையாளராக இருக்கக்கூடாது. இருந்ததை விற்றிருந்தால் 30 மாதம் காத்திருக்க வேண்டும். வாரிசாக வந்த சொத்தையும் வீவக கணக்கில் எடுத்துக்கொள்ளும். நாம் பார்த்தே இராத ஓட்டு வீட்டில் இருபதில் ஒரு பங்கு நம் பெயரில் இருந்தாலும், விண்ணப்பப் படிவத்தில் அதை மறைக்காமல், முன்பே வீவக-விடம் விளக்கம் கேட்டுக்கொள்வதே பாதுகாப்பு. தாத்தா வீட்டுப் பங்கைப் பேரப்பிள்ளைகள் பெயரில் எழுதி வைக்கலாம் என்று ஆசையாகப் பேசும் பெரியவர்களும் இதைத் தெரிந்துகொள்ள வேண்டும்.

விற்றுத்தான் ஆகவேண்டுமா?

விற்பது மட்டுமே வழி என்று நான் சொல்லவில்லை. செட்டிநாட்டைப் பாருங்கள். பர்மா தேக்கும் ஆத்தங்குடிக் கல்லும் கொண்டு கட்டிய பங்களாக்களுக்கு ஒவ்வொன்றிலும் டஜன் கணக்கில் பங்காளிகள். சில வீடுகள் பராமரிக்கப்பட்டு விடுதிகளாகிவிட்டன. கானாடுகாத்தானில் 'விசாலம்', கடியாபட்டியில் 'சிதம்பர விலாஸ்' போன்றவை வெளிநாட்டுப் பயணிகளை ஈர்க்கின்றன. செட்டிநாட்டு ஊர்கள் 2014 முதல் யுனெஸ்கோவின் உத்தேசப் பட்டியலில் இருக்கின்றன. பங்காளிகள் ஒத்துப்போகாத வீடுகள் வேறு விதமாக முடிந்தன. கதவு தனியாக, தூண் தனியாக, நிலைவாசல் தனியாகக் கழன்று காரைக்குடி முனீஸ்வரன் கோயில் தெருப் பழம்பொருள் கடைகளுக்குப் போயின. வீட்டை வாழ வைத்ததும் பிரித்து விற்றதும் பங்காளிகளின் பேச்சுவார்த்தைதான்.

ஜப்பானில் இது தேசியப் பிரச்சினை. 2023 கணக்கெடுப்பில் சுமார் 90 லட்சம் வீடுகள் காலியாகக் கிடந்தன. இறந்தவர் பெயரிலேயே சொத்து கிடப்பதால் யாரிடம் பேசுவது என்று தெரியாமல் ஊராட்சிகள் திணறின. 2024 ஏப்ரல் 1 முதல், வாரிசாகச் சொத்து வந்தது தெரிந்த மூன்று ஆண்டுகளுக்குள் பெயரைப் பதிவு செய்ய வேண்டும் என்று அங்கே சட்டமே வந்துவிட்டது.

சிங்கப்பூரில் வளர்ந்த நமக்கு வீடு என்பது காலக்கெடு உள்ள பொருள். தோ பாயோவின் வீவக வீடுகளுக்கு 99 ஆண்டுக் குத்தகை. கேலாங் லோரோங் 3-இல் 191 தரைவீடுகளின் 60 ஆண்டுக் குத்தகை 2020 டிசம்பர் 31-உடன் முடிந்து, நிலம் அரசிடம் திரும்பியது. ஊரில் இருப்பதோ தேதி இல்லாத வீடு. என்றைக்கும் நம்முடையதாகவே இருக்கும் என்ற நினைப்பில்தான் அதைப் பற்றிப் பேசாமல் விட்டுவிடுகிறோம்.

குடும்பத்தில் ஒருவர் வீட்டை வைத்துக்கொள்ள விரும்பினால், மற்றவர்கள் பணம் பெற்றோ பெறாமலோ அவருக்கு விடுதலைப் பத்திரம் எழுதிக் கொடுக்கலாம். குடும்பத்தினருக்குள் செய்யும்போது முத்திரைத் தீர்வையில் சலுகை உண்டு. யார் யார் அந்த வரையறைக்குள் வருவார்கள் என்பதைப் பத்திர எழுத்தரிடம் கேட்டுக்கொள்ளுங்கள். வாடகைக்கு விடலாம். இடித்துவிட்டு மனையாக வைக்கலாம். எதைச் செய்வதாக இருந்தாலும், பங்காளிகள் எல்லோரும் கையெழுத்துப் போட்டாக வேண்டும்.

எங்கள் வீடு

அழைப்பு வந்த வாரத்திலேயே பெரியப்பா 11 பேரையும் ஒரு வாட்ஸ்அப் குழுவில் சேர்த்தார். முதல் மாதம் பழைய படங்கள், பாட்டி வைத்த மீன்குழம்பு, யார் யாரைக் கிணற்றில் தள்ளிவிட்டார்கள் என்ற வழக்கு, இவைதான். இரண்டாம் மாதம் சண்டை வந்தது. ஓடு மாற்றியதற்கு இத்தனை வருடம் செலவு செய்தது யார் என்று மன்னார்குடி அண்ணன் கேட்டார். நியாயமான கேள்வி. ரசீதுகளைக் கூட்டி, பங்கு பிரிப்பதற்கு முன் அந்தத் தொகையை அவருக்குக் கழித்துவிடுவது என்று முடிவானது. சின்ன அத்தை மட்டும் விற்க வேண்டாம் என்றார். ஒரு மாலை முழுக்கப் பெரியப்பாவும் அவரும் தனியாகப் பேசினார்கள். வாசல் நிலையைத் தனக்குக் கழற்றித் தரவேண்டும் என்ற நிபந்தனையோடு சம்மதித்தார்.

பட்டுக்கோட்டைத் தரகரை நாங்கள் துரத்திவிடவில்லை. ஊர் நிலவரமும் வாங்கும் ஆட்களும் அவருக்குத் தெரியும். "எங்களுக்கு ஒப்பந்தம் வேண்டாம். காகிதம் முழுக்க எங்களிடம் சரியாக இருக்கிறது. வாங்குபவரை நேரில் அழைத்து வாருங்கள், பேசுகிற விலையில் 2 விழுக்காடு தரகு தருகிறோம்" என்றார் பெரியப்பா. கொஞ்ச நேரம் மௌனம். பிறகு, "சரிங்கய்யா, நல்ல ஆளாப் பார்க்குறேன்" என்றார். மூன்று வாரத்தில் அதே தெருவில் வசிக்கும் ஒரு குடும்பத்தைக் கூட்டிவந்தார். மகளுக்குப் பக்கத்திலேயே வீடு கட்டித்தர அவர்களுக்கு மனை வேண்டும். அவர்கள் சொன்ன விலை 19 லட்சம், முழுவதும் வங்கி வழியாக.

இப்போது பத்திரம் தயாராகிக்கொண்டிருக்கிறது. ஒன்பது பேரின் காகிதங்கள் முடிந்துவிட்டன. மெல்பர்ன் அக்காவின் பான் எண்ணும், ஜோகூர் அண்ணனின் அதிகாரப் பத்திரமும் வந்து சேர வேண்டும். பெரியப்பா தினமும் காலையில் குழுவில் வணக்கம் சொல்லிவிட்டு அந்த இரண்டு பேரின் பெயரை மட்டும் எழுதிக்கொண்டிருக்கிறார்.